மீனுக்குப் போகும் நாள்

குண்டக்கா, நீ போயிட்டன்னு போன் வந்தப்போ நான் மந்தாரக்குப்பம் மார்க்கெட்டுல சங்கரா மீனுக்குப் பேரம் பேசிக்கினு இருந்தேன். "எங்கம்மா உங்கக்கா, ஆளையே காணோம்?"னு மீன்காரி கேட்டு வாய் மூடல. மீனைப் போட்டுட்டு ஓடியாந்தேன்.

கால் வீக்கத்துக்குன்னு குடுத்த மாத்திரைதான் உனக்கு எமன். காலையில முழுங்கினா மத்தியானம் வரைக்கும் ஒண்ணுக்கு அடக்க முடியாது. ஒருவாட்டி பஸ்சுலயே புடவை நனைஞ்சிடுச்சி. அன்னையிலேருந்து மீனுக்குப் போற நாள்ல நீ மாத்திரையைத் தொடல.

டாக்டரம்மா உன் காலை அமுக்கிப் பாத்துட்டு உன் மவனைத்தான் கேட்டாங்க.

"மாத்திரை ஒழுங்கா போடறாங்களா?"

"போடறாங்க மேடம்."

"வேற தொந்தரவு?"

"ஒண்ணும் இல்ல மேடம்."

வெளிய வந்து, "கால் எனக்கு வீங்குது, வாய் அவன் பேசறான். அவனையே மாத்திரையும் முழுங்கச் சொல்லுடி"ன்ன. நான் சிரிச்சேன்.

உன்னை உன் மொகம் பாத்துக் கேட்டது, உன் மவனோட கம்பெனி குவார்ட்டர்சுக்கு பிரஷர் பாக்க வந்த நர்சுப் பொண்ணு ஒருத்திதான். "ஆயா, உங்களுக்கு என்ன செய்ய முடிஞ்சா நல்லாயிருக்கும்?"

"செவுளைத் தூக்கிப் பாத்து நானே மீன் வாங்கணும். பஸ்சுல மானம் போவக் கூடாது. அவ்ளோதான் கண்ணு."

"மாத்திரையை வூட்டுக்கு வந்த பொறவு போடலாமான்னு டாக்டரைக் கேட்டுப் பாருங்க ஆயா."

ஷிப்ட்டு முடிஞ்சி வந்த உன் மவன் குறுக்க பூந்தான். "நான் பேசிக்கறேன் சிஸ்டர். இந்த வயசுல மீன் மார்க்கெட்டு ஒண்ணுதான் கொறச்சல்."

பேசினானா? உன் செருப்பைத் தூக்கிப் பரண்ல போட்டான். நீ அன்னையோட மாத்திரையையே விட்டுட்ட. "வெளியவே போவாத காலு வீங்கினா என்ன, வத்தினா என்ன?"ன்ன. பயந்து போயி, நீ மாத்திரை போடல, நேரத்தை மாத்தலாமான்னு டாக்டரைக் கேளுடான்னு அவங்கிட்ட சொன்னேன். "டாக்டருக்குத் தெரியாததா சித்தி உனக்குத் தெரியும்?"னு என்னையே மடக்கினான். வீக்கம் தொடைக்கு ஏறிச்சி, மூச்சு வாங்கிச்சி, அவ்ளோதான். எழவுக்கு வந்தவங்ககிட்ட, "அம்மாவுக்கு ஒரு கொறையும் வெக்கல"ங்கறான். பிளாக்கே தலையாட்டுது.

உன் மீன் கூடையை நான் எடுத்தாந்துட்டேன். கவிச்சி இன்னும் போவல. கழுவவும் மாட்டேன்.

நேத்து கருமாதிக்குப் படையல் போடணும்னு உன் மவன் வந்து நின்னான். "சித்தி, அம்மாவுக்கு என்ன புடிக்கும்?"னு என்னைக் கேக்கறான்.

என்னன்னு சொல்லட்டும் குண்டக்கா?