ஆஹென் மைதானத்தில் களவு ஓட்டம்

பேஸ்போலில் பந்தெறிபவன் கண் அசரும் நேரம் பார்த்து, பேஸ் என்னும் தரைத் தட்டு ஒன்றிலிருந்து அடுத்ததற்கு ஓடிக் களவெடுப்பதைத் தொழில் என்று சொல்லலாமென்றால், எண்பதுகளின் நடுவில் ஜெர்மனியின் ஆஹெனில் எனக்கிருந்த ஒரே தொழில் அதுதான். யாழ்ப்பாணத்தில் நாளிதழ் நிருபராக இருந்தவன் நான். இங்கே அகதி வழக்கு முடியும்வரை வேலை செய்ய அனுமதியில்லை. ஹைம் என்ற அகதி விடுதியின் அடுக்குக் கட்டிலில் கிடந்து கூரையைப் பார்த்தவர்களுக்கு அதை விளக்கத் தேவையில்லை.

பல்கலைக்கழக மாணவர்கள் புதிதாகத் தொடங்கிய பேஸ்போல் அணியில் ஆள் குறைவு. நான் மாணவனா என்று ஒருவரும் கேட்கவில்லை, ஓடுவேனா என்றுதான் கேட்டார்கள். அடித்தவர் முதல் பேஸுக்கு வந்து சேர்ந்தால் அவருக்குப் பதிலாக நான் இறங்குவேன். வழக்கு தோற்றால் கொழும்புக்கு ஏற்றிவிடுவார்கள் என்ற நினைப்பு, ஓடும் அந்தச் சில விநாடிகளில் மட்டும் இருக்காது.

முதல் களவு

முதல் ஆட்டத்தில், எறிபவனின் கை உயர்ந்ததும் புறப்பட்டேன். பந்து வருவதற்கு முன்பே இரண்டாம் பேஸை மிதித்துவிட்டேன். மிதித்த வேகத்தில் நாலைந்து அடி அப்பால் போய், திரும்பி, சிரித்துக்கொண்டு நின்றேன். கிரிக்கெட்டில் கோட்டைத் தாண்டியவனை யார் என்ன செய்ய முடியும்? அங்கே நின்ற பெடியன் அவசரமில்லாமல் நடந்து வந்து, பந்தை என் தோளில் தொட்டான். அவுட்.

என்னை அணியில் சேர்த்துவிட்டது சேகர், கோயம்புத்தூரிலிருந்து இன்ஜினியரிங் படிக்க வந்தவர். தலையில் கை வைத்துக்கொண்டு ஓடி வந்தார்.

"சார், இங்க கிரீஸ் எல்லாம் கிடையாது. பேஸ்ல கால் இல்லேன்னா நீங்க எவ்வளவு சீக்கிரம் வந்தீங்கன்னு எவனும் கேக்க மாட்டான்!"

முழங்கை

பிறகு சறுக்கப் பழகினேன். புழுதியில் விழுந்து வழுக்கி, காலால் பேஸைப் பிடிக்க வேண்டும். ஒரு சனிக்கிழமை அப்படி விழுந்ததில் வலது முழங்கை தோலுரிந்துபோனது. திங்கட்கிழமை வழக்கு விசாரணைக்கு டெர்மின், அதாவது நாள் குறித்திருந்தார்கள்.

இராணுவம் அச்சகத்துக்குள் புகுந்து எங்களை அடித்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அதிகாரி என் கையைக் காட்டி, இந்தக் காயம் எப்படி வந்தது என்று கேட்டார். நிருபர் புத்தி, நடந்ததை நடந்தபடி சொன்னேன். பேஸ்போல், சனிக்கிழமை, இரண்டாம் பேஸ். அதிகாரி முதல் தடவையாகப் புன்னகைத்து ஏதோ சொன்னார். மொழிபெயர்ப்பாளர் எங்கள் ஊர் ஆள்தான். என் முகத்தைப் பார்க்காமல் மெல்லச் சொன்னார்:

"அண்ணை, விளையாடுற அளவுக்குச் சுகமா இருக்கிறியளாம். சந்தோசமாம்."

பான் நகருக்குப் போகும் வழி

பான் நகரில் ஒரு முக்கியமான ஆட்டம் வந்தது. எங்களைப் போன்றவர்கள் அனுமதியில்லாமல் மாவட்ட எல்லையைத் தாண்டக் கூடாது. வெளிநாட்டவர் அலுவலகத்தில் கேட்டேன். விளையாட்டு அவசரக் காரியம் அல்ல என்றார்கள். என் அறைத்தோழன் யோகன் முன்பொருமுறை அனுமதியில்லாமல் கோல்ன் நகருக்குப் போய், ஸ்டேஷனில் பிடிபட்டு, அது அவனுடைய வழக்குக் கோப்பில் ஏறியிருந்தது.

"போகாதேங்கோ அண்ணை. உங்களுக்கென்ன, கப்பா தரப்போறாங்கள்?" என்றான்.

ஆனாலும் அணித்தலைவன் கிளவுஸ் காரோடு வந்து ஹோர்ன் அடித்ததும் ஏறிவிட்டேன். வழி முழுக்க அவன் எறிபவனைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தான்: இடக்கையன், முதல் பேஸைப் பார்த்தபடியே எறிவான், கவனம். எனக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. மாவட்டம் முடியும் பலகை தெரிந்ததும் நிறுத்தச் சொன்னேன்.

"யாரும் பார்க்க மாட்டார்கள். நீ தினமும் செய்வதுதானே?" என்றான்.

"மைதானத்தில் பிடிபட்டால் வாங்குப் பலகையில் போய் இருக்கலாம். இங்கே பிடிபட்டால் விமானத்தில் இருக்க வேண்டும்" என்றேன், எனக்குத் தெரிந்த ஜெர்மனில்.

இறங்கினேன். அவனும் இறங்கி, பலகையையும் அதற்கு அப்பாலும் இப்பாலும் ஒரேமாதிரிக் கிடந்த கிழங்கு வயலையும் மாறி மாறிப் பார்த்தான்.

"நான் பிறந்ததே இங்கேதான். இந்த இடத்தில் ஒரு கோடு இருக்கிறது என்று இன்றைக்குத்தான் தெரியும்."

அன்றைக்கு எங்கள் அணி ஒரே ஒரு ஓட்டத்தால் தோற்றது. என் வழக்கோ தோற்கவுமில்லை வெல்லவுமில்லை, அடுத்த டெர்மினுக்குத் தள்ளிப்போனது.