அத்தை சுட்ட ரொட்டி

எங்கள் வீட்டில் பஞ்சாங்கம் அப்பாவின் அலமாரியில் இருந்தது. ஆனால் எந்த மாதத்தில் என்ன செய்ய வேண்டும் என்று தீர்மானிப்பவள் அத்தைதான். கல்கத்தாவின் பாலிகஞ்சில் அப்போது வீடுகளைவிடக் குளங்கள் அதிகம். நாங்கள் குடியிருந்த சிறிய வீட்டுக்குப் பின்னால் நாலு வீடு கட்டலாம் என்கிற அளவுக்கு மண் கிடந்தது. அப்பாவுக்கு அக்காவான அத்தை, சின்ன வயதிலேயே கணவனை இழந்து எங்களோடு வந்து சேர்ந்தவள். கும்பகோணத்திலிருந்து கல்கத்தாவுக்கு ரயிலேறியபோது நகைப்பெட்டி எதுவும் அவளிடம் இல்லை. புடலை, அவரை, பூசணி விதைகளைத் துணியில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டு வந்தாளாம்.

வெயில் காலத்துப் புழுதிக்காற்றில் பிஞ்சு மாங்காய் உதிர்ந்தால் அன்றைக்கே வடு ஊறும். மழைக்காலம் முழுக்கக் கீரையும் வெண்டையும். பனி இறங்கினால் முள்ளங்கி, பட்டாணி, இந்த ஊர் மண் மட்டுமே தரக்கூடிய பெரிய கத்தரிக்காய். பேரீச்ச மரத்துப் புது வெல்லம் சந்தைக்கு வரும்போது, நம் ஊர் வெல்லத்துக்கு இது ஈடாகுமா என்று முகத்தைச் சுளித்தபடியே இரண்டு பானை வாங்கி வைத்துக்கொள்வாள்.

அவளுக்கு மடி முக்கியம். வெளியில் சமைத்த எதுவும் எங்கள் வாசலைத் தாண்டி வந்ததில்லை. கடை மிட்டாய்கூட நாங்கள் தெருவிலேயே தின்றுவிட்டு வாயைக் கொப்பளித்துக்கொண்டுதான் உள்ளே வருவோம்.

எனக்கு எட்டு வயதான ஆவணியில் அப்பாவுக்குக் காய்ச்சல் வந்தது. இருபத்தொரு நாள் இறங்காத காய்ச்சல். அந்த நாட்களில் அத்தை தோட்டத்துப் பக்கமே போகவில்லை. பாகல் பழுத்து வெடித்துத் தரையில் சிவப்பாகக் கிடந்தது. காய்ச்சல் விட்டபோது கட்டிலில் அப்பா இருக்கிறாரா போர்வை மட்டும் இருக்கிறதா என்று சந்தேகமாக இருந்தது. டாக்டர் பாபு வந்து பார்த்து, குடல் புண்ணாக இருக்கிறது, இரண்டு மாதத்துக்குச் சோற்றை நினைக்கக்கூடாது என்றார். பார்லிக் கஞ்சி, பால், வாட்டின பாவ்ரொட்டி. கஞ்சியை அப்பா வாயில் வைத்ததும் குமட்டினார். மிச்சம் இருந்தது ரொட்டி.

ரயிலடிக்குப் பக்கத்தில் ரொட்டிக்கிடங்கு ஒன்று இருந்தது. ஆனால் அங்கே மாவைக் காலால் மிதித்துப் பிசைகிறார்கள், கள்ளை ஊற்றிப் பொங்கவைக்கிறார்கள் என்று எங்கள் மனிதர்களுக்குள் ஒரு பேச்சு. அம்மா அத்தையின் முகத்தைப் பார்த்தாள்.

"மாவும் நெருப்பும்தானே? நானே சுடறேன்" என்றாள் அத்தை.

மறுநாளே கொல்லையில் ஓலைச் சார்ப்பு போட்டு, காலி மண்ணெண்ணெய் டின் ஒன்றைப் படுக்கவைத்து, சுற்றிலும் களிமண் பூசி, மேலும் கீழும் கரி போட்டு அடுப்பு தயாராயிற்று. கள்ளுக்குப் பதில் புளித்த இட்லி மாவு. முதல் மூன்று நாள் வந்த ரொட்டியைக் கத்தியால் அறுக்க முடியவில்லை. பாலில் ஒரு மணி நேரம் ஊறவைத்த பிறகும் அப்பா அதை ஒரு ஓரமாகக் கடித்துப் பார்த்துவிட்டு, பசி இல்லை என்று திரும்பிப் படுத்துக்கொண்டார். நாலாம் நாள் ரொட்டி பஞ்சு மாதிரி வந்தது. அப்பா மூன்று துண்டு தின்றார். அம்மா சமையலறைக் கதவுக்குப் பின்னால் போய் அழுதாள். மாவு இப்போதுதான் தன் கைக்குப் பழகியிருக்கிறது என்றாள் அத்தை.

ரகசியம் ஒரு வாரம் கழித்து எனக்குத் தெரிந்தது. அத்தை பிற்பகலில் மாவைத் தட்டில் வைத்து அடுப்புக்குள் தள்ளி மூடிவிட்டு, ஐந்து மணி வாக்கில் தோட்டத்துக் கோடியில் தண்ணீர் விடப் போவாள். அந்த நேரத்தில்தான் மாமா வீடு திரும்புவார். மாமா என்றால் அம்மாவின் தம்பி. கார்டன் ரீச்சில் ரயில்வே ஆபீஸில் வேலை, எங்களோடுதான் ஜாகை. அன்றைக்கு நான் சார்ப்புக்குப் பின்னால் நத்தை பொறுக்கிக்கொண்டிருந்தேன். மாமா செருப்பைக் கழற்றிவிட்டுப் பூனை மாதிரி வந்து டின்னைத் திறந்தார். அத்தையின் ரொட்டியைத் துணியால் பிடித்து வெளியே எடுத்தார். ஆபீஸ் பையிலிருந்து கிடங்கு ரொட்டி ஒன்றை எடுத்து அதே தட்டில் வைத்து மூடினார். அத்தையின் ரொட்டி குளத்தில் விழுந்த சத்தம் அம்மிக்கல் விழுந்த மாதிரி கேட்டது. திரும்பும்போது என்னைப் பார்த்துவிட்டார்.

"அப்பாவுக்கு உடம்பு தேறணுமா, வேண்டாமா?" என்று கேட்டார்.

"தேறணும்."

"அப்போ நீ ஒண்ணும் பார்க்கலை."

கையில் ஒரு காசையும் வைத்து மூடினார். அந்தக் காசை நான் செலவழிக்கவில்லை. பாவக்காசு என்று பட்டது. ரவிக்கைக்குள் முடிந்து வைத்துக்கொண்டேன். அத்தையைப் பார்க்கும்போதெல்லாம் அது உறுத்தும். அவ்வளவு கெட்டிக்காரி, மண்ணைக் கிள்ளி மோந்தே மழையைச் சொல்லிவிடுபவள், தினமும் ஏமாந்துபோகிறாளே என்று எனக்குத் தாங்காது. இருந்தும் அப்பாவின் கன்னம் கொஞ்சம் கொஞ்சமாக மேடேறிக்கொண்டு வந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

துர்க்கை பூஜைக்குத் தெருமுனையில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தபோது ஒருநாள் மத்தியானம் பிடித்த மழை நிற்கவே இல்லை. தெருவில் முழங்கால் தண்ணீர். ஐந்து மணி ஆயிற்று, மாமா வரவில்லை. ஐந்தரை ஆயிற்று. உள்ளே அப்பா, இன்றைக்கு நல்ல பசி என்று அம்மாவிடம் சொல்வது கேட்டது. அத்தை இப்போது டின்னைத் திறந்தால் கல் இருக்கும். இத்தனை நாள் நடந்தது அவளுக்குத் தெரிந்துவிடும். நாளையிலிருந்து கடை ரொட்டி வராது. அப்பா மறுபடியும் போர்வையாகிவிடுவார். எட்டு வயதுக் கணக்கு அவ்வளவு தூரம் தெளிவாக ஓடியது.

நான் பின்பக்கப் படல் வழியாக ஓடினேன். ரயிலடிக்குத் தனியாகப் போனதே இல்லை. குளம் எது, பாதை எது என்று தெரியவில்லை; வேலியைப் பிடித்துக்கொண்டே நடந்தேன். கிடங்கில் வெள்ளைத் தாடிக் கிழவர் ஒருவர் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். ரவிக்கையிலிருந்து காசை எடுத்து நீட்டினேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, மதராஸி பாபுவின் பெண்தானே, அப்பாவுக்கு இப்போது எப்படி இருக்கிறது என்று வங்காளியில் விசாரித்தார். ரொட்டியைத் தாளில் சுற்றி, அதன் மேல் பெரிய சேம்பிலை இரண்டை வைத்துச் சணலால் கட்டினார். இன்னொரு இலையை என் தலையில் கவிழ்த்தார். காசை என் கையிலேயே திருப்பி வைத்துவிட்டார்.

பொட்டலத்தைப் பாவாடைக்குள் மறைத்துக்கொண்டு படலைத் திறந்தால், எதிரே அத்தை. தலையில் முறத்தைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். என் பாவாடை முன்பக்கம் பானை மாதிரி துருத்திக்கொண்டிருந்தது. மழையிலும் புது ரொட்டியின் வாசனை கும்மென்று எழுந்தது. தலையில் சேம்பிலை வேறு.

அத்தை ஒரு கணம் என்னைப் பார்த்தாள்.

"மழையிலே ஏன் நிக்கறே? உள்ளே போய்த் தலையைத் துவட்டிக்கோ. நான் அவரைக்காய் பறிச்சுண்டு வரேன், நாழியாகும்" என்றாள்.

சொல்லிவிட்டுத் தோட்டத்துக் கோடிக்குப் போய், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பந்தலடியில் நின்றாள். அவரைக்கொடி அப்போதுதான் பந்தலை எட்டிப்பிடித்திருந்தது. இலையைத் தவிர அதில் ஒன்றும் கிடையாது. எனக்கு அதெல்லாம் உறைக்கவில்லை. சார்ப்புக்கு ஓடி, அவள் ரொட்டியை எடுத்துச் சாம்பல் குழியில் புதைத்து, கிழவரின் ரொட்டியைத் தட்டில் வைத்து, டின்னை மூடி, பெருமூச்சு விட்டு நிமிர்ந்தேன். அதுவரை அவள் திரும்பவே இல்லை. என் அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டேன்.

அத்தை வெறும் முறத்தோடு வந்து காலைக் கழுவிக்கொண்டு ரொட்டியை எடுத்தாள். அறுத்து, தணலில் இருபுறமும் வாட்டி, அப்பாவுக்குத் தன் கையாலேயே கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"இன்னிக்கு ரொம்ப நன்னா வந்திருக்கு, அக்கா" என்றார் அப்பா.

"மழை ஈரத்துக்கு மாவு நன்னாப் பொங்கியிருக்கு" என்றாள்.

பிறகு அந்த மழையிலேயே கிணற்றடிக்குப் போய்த் தலைக்கு ஊற்றிக்கொண்டாள். ரொட்டி அறுத்த பிறகு தினமும் அப்படித்தான் குளிப்பாள். அடுப்புப் புகை உடம்பெல்லாம் ஒட்டிக்கொள்கிறது என்பாள். மாமா இரவு ஏழு மணிக்கு இடுப்பு வரை நனைந்து வந்து சேர்ந்தார். அப்பா தின்றுமுடித்த தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வேட்டி மாற்றப் போனார்.

கார்த்திகையில் அப்பா குழைந்த சோறு சாப்பிட்டார். மார்கழியில் ஆபீஸுக்குப் போனார். அத்தை டின் அடுப்பை உடைத்து அந்த இடத்தைக் கொத்தி முள்ளங்கி போட்டாள். கரியும் சாம்பலும் விழுந்த மண்ணாயிற்றே, முள்ளங்கி என் கை பருமனுக்கு வந்தது. பக்கத்து வீட்டு வங்காளி மாஷிமா வந்து, தம்பியைப் பிழைக்கவைத்த அந்த ரொட்டியை எப்படிச் சுட்டாய் என்று கேட்டாள். அத்தை இட்லி மாவிலிருந்து ஒன்று விடாமல் விவரமாகச் சொல்லிக்கொடுத்தாள். மாஷிமா சுட்டுப் பார்த்து, கல்லாகப் போயிற்று என்று வந்து சொன்னபோது, அதற்குக் கைப்பக்குவம் வேண்டும் என்றாள் அத்தை. சிரிக்கவே இல்லை.

அன்றைக்கு அம்மா கூடத்தில் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். என் மனத்தில் கனத்துக்கொண்டிருந்த விஷயத்தைச் சொல்லிவிடுவது என்று அருகில் போய் உட்கார்ந்தேன். அத்தைக்குக் கண் மங்கிக்கொண்டு வருகிறது, பக்கத்தில் இருப்பதுகூடத் தெரிவதில்லை, மோப்பமும் போய்விட்டது, டாக்டர் பாபுவிடம் காட்ட வேண்டும் என்றேன். அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தாள். அரிவாள்மணையைத் தள்ளி வைத்துவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள்.

"அவகிட்டே மட்டும் இதைச் சொல்லிடாதே" என்றாள்.

வயதாகிறது என்று சொன்னால் அத்தை மனம் வருந்துவாள், அதனால்தான் சொல்கிறாள் என்று நான் புரிந்துகொண்டேன். அன்றிலிருந்து அத்தை படலைத் திறக்கப் போகும்போதெல்லாம், தடுக்கி விழுந்துவிடக் கூடாதே என்று முன்னால் ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொள்வேன். அவளும் பேசாமல் கையைக் கொடுப்பாள்.