சரசா சொன்ன நல்ல நேரம்

போபோடியில் எங்கள் கட்டடத்து இரண்டாம் மாடியில் இருக்கிறாள் சரசா. வாசலில் போர்டு கிடையாது. ஆனாலும் ஊரின் மறுகோடியில் கம்பெனிகள் நிறைந்த கராடியிலிருந்து ஐ.டி. பிள்ளைகள் போன் செய்து, "மாமி, இந்தக் கம்பெனிக்கு மாறலாமா?" என்று கேட்பார்கள். எனக்கு ஜோசியத்தில் துளியும் நம்பிக்கை கிடையாது. ஸ்கூட்டர் வாங்கியபோது மட்டும் அவளிடம் நாள் கேட்டேன். பக்கத்து வீட்டுக்காரி, மனம் நோகக்கூடாதே.

சரசாவுக்குப் பூசி மெழுகிப் பேசத் தெரியாது. இரண்டு கிரகங்கள் ஒரு வீட்டில் கூடினால் என்ன பலனோ அதை அப்படியே சொல்லிவிடுவாள். அதற்குக் காரணம் அவள் கணவர் விச்சு. செவ்வாயும் சனியும் அவருடைய ராசிக்கு எட்டாம் இடத்தில் சேர்ந்திருந்த சமயம், "இன்னிக்கு லீவு போடுங்கோ" என்று சொல்லிப் பார்த்தாள். அவர் சிரித்துக்கொண்டே தளேகாவ் லோகல் ரயிலைப் பிடித்தார். தொழிற்சாலை மெஷினில் இரண்டு விரல்களை இழந்து திரும்பினார். தற்செயல் என்று நான் சொன்னேன். சரசா என்னை முறைத்தாள். மனிதர் விரல்களை மறந்தேபோனார். அவள்தான் அன்று பிடித்த பயத்தை விடவில்லை.

மகள் வைஷு கராடியில் இருக்கிறாள். தலைப்பிரசவம். வயிற்றில் குழந்தை குறுக்கே கிடந்ததால் ஆபரேஷன்தான், இந்த வாரத்தில் எந்த நாள் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். போதாதா சரசாவுக்கு? கையில் எடுத்த பஞ்சாங்கத்தைக் கீழே வைக்கவில்லை. ஆனி மாதம். சிம்மத்தில் செவ்வாயும் கேதுவும் கூடியிருந்தார்கள். சந்திரன் அந்த வீட்டைத் தாண்டி, குருவின் பார்வை விழும் துலாத்துக்கு வந்த பிறகுதான் குழந்தை பிறக்க வேண்டும் என்று வெள்ளிக்கிழமையைக் குறித்துக் கொடுத்தாள்.

"சந்திரன்னா அம்மா. அவன் போய் செவ்வாய், கேதுவோட சேர்ந்துண்டா, பெத்தவளுக்குக் கண்டம்," என்று என்னிடம் மட்டும் சொன்னாள்.

திங்கட்கிழமை காலை மாப்பிள்ளை ஷ்யாம் போன் செய்தான். குழந்தையின் அசைவு குறைந்துவிட்டதாம், உடனே ஆபரேஷனாம். சரசாவோடு நானும் ரிக்ஷாவில் ஏறினேன். கொட்டுகிற மழையில் எல்லா சிக்னலிலும் நின்று நின்று போனோம். அன்று சந்திரன் சிம்மத்தில். அதைப் பார்க்க அவளுக்குப் பஞ்சாங்கம் தேவைப்படவில்லை.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் தாங்காதா?" என்று கேட்டாள்.

"குழந்தை அசையலேங்கறா, நீ சந்திரனைச் சொல்றியே," என்று திட்டினேன். திட்டிவிட்டு, நம்பாதவள் நானும் வெள்ளிக்கிழமைக்கு இன்னும் எத்தனை நாள் என்று விரல் விட்டு எண்ணினேன்.

நாங்கள் போனபோது வைஷுவை ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அவள் அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். நர்ஸ் "சலா, சலா" என்று, கிளம்பச் சொல்லி அவசரப்படுத்தியும் விடவில்லை.

"இப்போ நேரம் எப்படிம்மா இருக்கு?"

சரசா என்ன சொல்லப்போகிறாளோ என்று நான் அவள் வாயையே பார்த்தேன்.

"நல்ல நேரம்டி கண்ணு. செவ்வாய், கேது இருந்தா என்ன, குரு பாக்கறார். ஒண்ணும் ஆகாது."

வைஷு கையை விட்டாள். ஸ்ட்ரெச்சர் உள்ளே போனது.

"குரு பாக்கலை," என்றாள் சரசா, மூடிய கதவைப் பார்த்துக்கொண்டே. "யாருக்குமே நான் பொய்ப் பலன் சொன்னதில்லை. பெத்த பொண்ணுக்குச் சொல்லிட்டேன்."

பெண் குழந்தை. தாயும் சேயும் சௌக்கியம் என்றார் டாக்டர். ஷ்யாம் ஆஸ்பத்திரி முழுக்கப் பேடா கொடுத்தான். சரசா வாங்கிய பேடாவைக் கையிலேயே வைத்திருந்தாள். கண்டம் குழந்தைக்கு இல்லையே, பெற்றவளுக்கு அல்லவா?

பத்தியம் பார்க்க அவள் கராடியிலேயே தங்கினாள். வைஷு இருமினால் வாசல்படியில் வந்து நிற்பாள். தலைவலி என்றால் தெர்மாமீட்டரோடு வருவாள். மகள் அசந்து தூங்கும்போது மூக்கருகே விரலை வைத்துப் பார்ப்பாளாம். போனில் இதைச் சொல்லி அழுதாள். எனக்கு எரிச்சலும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

ஒரு மதியம் குழந்தையைப் பார்க்கப் போயிருந்தேன். வைஷு ரசம் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்து சரசா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வைஷு தட்டைத் தள்ளி வைத்தாள்.

"அம்மா, குரு மிதுனத்துல இருக்கார். அஞ்சு, ஏழு, ஒம்பதைத்தான் பாப்பார். அங்கேர்ந்து சிம்மம் மூணாவது வீடு, பாக்க மாட்டார்."

சரசா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"நீ போன்ல பலன் சொல்றதைக் கேட்டுண்டே வளர்ந்தவம்மா நான். தெரியாதா?"

"தெரிஞ்சுமா என் கையை விட்டே?"

"குழந்தை அசையலைன்னுட்டா, வேற என்ன பண்றது? நீ பயப்படக்கூடாதேன்னு நம்பின மாதிரி போயிட்டேன்."

"இப்போ பயமா இருக்காடி?"

"கிரகத்தை நினைச்சா இல்லை. நீ என்னைப் பாக்கறச்சேதான் இருக்கு. நாளைக்கே நான் இருக்க மாட்டேன்ங்கற மாதிரி பாக்கறே. எனக்குக் குழந்தையைத் தூக்கவே கை வரமாட்டேங்கறதும்மா."

சரசா தட்டை மறுபடி மகள் பக்கம் நகர்த்திவிட்டு உள்ளே போய்த் துணிகளைப் பையில் அடுக்கினாள். விச்சுவுக்குச் சாப்பாடு சரியில்லை, போக வேண்டும் என்றாள். "இன்னும் ஒரு மாசம் இருங்கோ மாமி" என்று ஷ்யாம் கெஞ்சினான். சமையலுக்கு வரும் பெண்ணிடம் பத்தியச் சமையலைச் சொல்லிக் கொடுத்துவிட்டு, மாலையே என்னோடு கிளம்பிவிட்டாள்.

வைஷு குழந்தையோடு லிஃப்ட் வரை வந்தாள். சரசா குழந்தையின் கன்னத்தைக் கிள்ளி முத்தம் கொடுத்தாள், மகளைப் பார்த்து நன்றாகச் சிரித்தாள். லிஃப்ட் கதவு மூடியது.

"பயந்த மாதிரி தெரிஞ்சுதா?" என்று என்னிடம் கேட்டாள்.

"தெரியலை," என்றேன். அவள் லிஃப்ட் சுவரில் சாய்ந்து அப்படியே கீழே உட்காரப் போனாள். கீழே வரும்வரை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டேன்.