பௌர்ணமிக்கு மறுநாள்

வேங்கிக்காலில் குடியிருந்தபோது என் மகள் ஒரு முயல் வளர்த்தாள். ஒருமுறை அது இரண்டு நாளாகக் கேரட்டைக்கூடத் தொடவில்லை. கூடையில் வைத்துக் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன்.

டாக்டர் ஒல்லியாக, உயரமாக இருந்தார். முயலின் வாயைத் திறக்கும்போதெல்லாம் தன் வாயையும் ‘ஆ’வென்று திறப்பார். அவருக்கு முன்பல் ஒன்று இல்லை.

“பல்லு வளந்து வாயைக் குத்துதுங்க. என்ன குடுக்கறீங்க?”

“பிஸ்கட், பொரி.”

“அப்ப பல்லுக்கு வேலை கம்மி. புல்லு ஜாஸ்தியா போடுங்க. இருந்தாலும் இதுக்கு மறுபடி வளரும். பௌர்ணமிக்கு மறுநாள் கொண்டாந்துடுங்க, தேய்ச்சு விடறேன்.”

சின்ன அரத்தால் பல்லைத் தேய்த்துவிட்டார். மாலையே முயல் புல் தின்றது.

மாதம் தவறாமல் போனேன். நிலவோடு பல்லும் வளர்வதாக அலுவலகத்தில் நாலு பேருக்கு விளக்கமும் சொல்லிவிட்டேன். பிறகுதான் அவரிடமே கேட்டேன்.

“ஒரு சம்பந்தமும் இல்லைங்க. தேதி சொன்னா மறந்துடுவீங்க. கிரிவலம் போற இந்த ஊர்ல பௌர்ணமிய யாரு மறப்பாங்க?”

அவர் மாற்றலாகிப் போய்விட்டார். முயலும் இப்போது இல்லை. ஆனாலும் ஊரே மலையைச் சுற்றி முடித்த மறுநாள் காலையில், என் கை தானாகக் கூடையைத் தேடுகிறது.