சோடா லாரியின் முன்சக்கரம்

நான் வேலைக்குச் சேர்ந்தபோது அந்த சோடா கம்பெனியில் லாரிகளைக் கழுவுவதற்கு மட்டும் தனியாக ஆட்கள் இருந்தார்கள். பிரேக்கைப் பார்ப்பதற்கு ஒருவரும் இல்லை. கழுவிய லாரி நல்ல லாரி என்பது மேனேஜரின் கட்சி. அவர் முதலாளியின் மருமகன். பணக்காரர்கள் குடியிருக்கும் காத்தோங்கில் கடலைப் பார்த்த வீடு. வெள்ளைக் கால்சட்டையில் கறை படக்கூடாது என்று முற்றத்தின் ஓரமாகவே நடப்பார். எந்த லாரியின் அடியிலும் அவர் குனிந்து நான் பார்த்ததில்லை. குனிந்திருந்தாலும் எது அச்சு, எது ஸ்பிரிங் என்று அவருக்குத் தெரிந்திருக்காது.

என்னை எடுத்ததும் அவர் விரும்பி எடுத்ததல்ல. லாரிகளைத் தினமும் சோதிக்க ஒரு ஆள் வேண்டும், இல்லாவிட்டால் பாலிசி கிடையாது என்று இன்சூரன்ஸ்காரர்கள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். நான் அதற்கு முன்பு பிரிட்டிஷ் பட்டாளத்து ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்தவன். அங்கே வண்டி கெட்டுப்போன பிறகு பார்ப்பது கேவலம். கெடுவதற்கு முன்பே, அது நிற்கிற இடத்திலேயே பார்த்துவிட வேண்டும். அந்தப் பழக்கத்தோடு சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் இருந்த இந்த முற்றத்துக்கு வந்து சேர்ந்தேன். தீயணைக்க வாளியில் மணல் வைத்திருப்பார்களே, அப்படித்தான் என்னையும் வைத்திருந்தார்கள். சுவரில் தொங்கினால் போதும், யாரும் தொடப்போவதில்லை.

காலையில் பெட்டிகளை ஏற்றுவதற்கு முன் ஒவ்வொரு லாரியாகப் பார்ப்பேன். ஸ்டீரிங் எவ்வளவு ஆடுகிறது, பிரேக் மிதி எவ்வளவு தூரம் இறங்குகிறது, டயரில் தேயாத கட்டை எவ்வளவு மிச்சம் என்று பார்த்துவிட்டு, கடைசியாகச் சிறு சுத்தியலால் சக்கர நட்டுகளைத் தட்டுவேன். இறுகிய நட்டு கணீரென்று சத்தம் கொடுக்கும். தளர்ந்தது டொக்கென்று செத்த சத்தம் போடும். லாரிகள் திரும்பி வந்த பிறகு சாயங்காலம் கிரீஸ் அடிப்பேன், பிரேக்கைச் சரிசெய்வேன். டிரைவர்களுக்கு இது தாங்கவில்லை. தங்கள் ஆண்மையையே நான் சுத்தியலால் தட்டிப் பார்ப்பதுபோல் முறைத்தார்கள். ‘தட்டுற டாக்டர்’ என்று பெயர் வைத்தார்கள். அந்தக் கூட்டத்திலிருந்து அதைவிடக் கூர்மையாக ஒன்றை நான் எதிர்பார்க்கவும் இல்லை.

அவர்களுக்குள் ஒருவர் தலைவர் மாதிரி. ஜப்பான்காரன் காலத்திலேயே லாரி ஓட்டியவர் என்று அவரே சொல்லிக்கொள்வார். முறுக்கிய மீசை, சட்டைப்பையில் சீப்பு. பக்கவாட்டுக் கண்ணாடியை அவர் திருப்பி வைத்திருந்த கோணத்தில் பின்னால் வருகிற வண்டி தெரியாது, அவர் முகம்தான் தெரியும். தேக்கா காபிக் கடைகளில் அவருக்குத் தனி மரியாதை. எதற்கு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

தீபாவளிக்குச் சில நாட்களே இருந்த ஒரு காலையில், அவசரம் என்று ஒரு வாரமாக நான் வருவதற்கு முன்பே கிளம்பிப்போய்க்கொண்டிருந்த அவருடைய லாரிக்கு வந்தேன். இடது முன்சக்கரத்தில் நட்டுகளிலிருந்து துருக்கோடுகள் வழிந்திருந்தன. தட்டினேன். எல்லாம் செத்த சத்தம். கழற்றிப் பார்த்தால், நட்டு ஏறுகிற போல்ட்டுகளில் ஒன்று அறுந்தே போயிருந்தது, மற்றவற்றின் மரை தேய்ந்திருந்தது. எவ்வளவு முடுக்கினாலும் நிற்காது.

“இந்த வண்டி இப்ப போகாது” என்றேன். “ஜாலான் புசார் சாமான் கடையில போல்ட்டு வாங்கிட்டு வந்து மாட்டணும். மத்தியானத்துக்குள்ள முடிச்சுத் தர்றேன்.”

டிரைவர் சிரித்தார். “என்னா டாக்டரண்ணே, நேத்து பூரா ஓடுன வண்டி. ராத்திரி தூங்குறப்ப நோவு வந்துருச்சா?”

மற்றவர்களும் சிரித்தார்கள். அவர் நேரே மேனேஜரிடம் போனார். மேனேஜர் முற்றத்தின் ஓரமாகவே நடந்து வந்து, சக்கரத்துக்கு நாலடி தள்ளி நின்றார்.

“தீபாவளி நேரம் லா. கடைக்காரங்க எல்லாம் போன் மேல போன் போடுறாங்க. இன்னிக்கு ஒரு நாள் போகட்டும். நாளைக்கு மாத்திக்குங்க.”

“நாளைக்கு மாத்த சக்கரம் இருக்கணுமே சார்.”

“சும்மா பயமுறுத்தாதீங்க.”

“பயமில்லைன்னா நீங்களே முன்னாடி ஏறி ஒக்காந்து ஒரு ரவுண்டு போய்ட்டு வாங்க சார். நான் வாயே தொறக்க மாட்டேன்.”

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு பெட்டி ஏற்றும் ஆட்களைப் பார்த்துக் கையை ஆட்டினார். அவ்வளவுதான், முடிந்தது. இருக்கிற நட்டுகளை என்னால் முடிந்தவரை முடுக்கினேன். கொஞ்ச தூரத்துக்கு ஒருமுறை இறங்கி இவற்றை முடுக்கிப் பாருங்கள், மெதுவாகப் போங்கள் என்று ஸ்பேனரை டிரைவரிடம் கொடுத்தேன். அதை வாங்கி சீட்டுக்கு அடியில் எறிந்துவிட்டு, கண்ணாடியில் தலை சீவிக்கொண்டார்.

மத்தியானத்துக்கு முன்பே போன் வந்தது. புக்கிட் தீமா சாலையில் சக்கரம் கழன்றுவிட்டதாம். ஜாக்கியை எடுத்துக்கொண்டு வேறொரு லாரியில் போனேன். பெரிய கூட்டம். உடைந்த பாட்டில்களிலிருந்து சிவப்பும் ஆரஞ்சும் சாலையில் ஓடின. உடையாதவற்றைச் சிலர் அங்கேயே திறந்து குடித்துக்கொண்டிருந்தார்கள். கழன்ற சக்கரம் தனியாக உருண்டுபோய்க் கால்வாய்க்குள் கிடந்தது. பெட்டிகளின் மேல் உட்கார்ந்து வந்த சுமைக்காரர் தூக்கியெறியப்பட்டு, கையும் தோள் எலும்பும் முறிந்து பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். வேறு யாருக்கும் அடியில்லை.

டிரைவர் கூட்டத்தின் நடுவில் நின்று விளக்கிக்கொண்டிருந்தார். “வண்டி அப்படியே கால்வாய்ப் பக்கம் இழுத்துச்சு. நான் ஸ்டீரிங்க விடவே இல்ல. ஒடிச்சேன் பாருங்க ஒரு ஒடி!”

நான் சாலையைப் பார்த்தேன். சக்கரம் போன இடத்தில் பிரேக் டிரம் தாரைக் கிழித்துக்கொண்டு போன பள்ளம் தெளிவாகத் தெரிந்தது. அதில் எந்த ஒடிப்பும் இல்லை. தன் பாட்டுக்குச் சாய்ந்துகொண்டே போய், கால்வாய்க் கரையில் நின்ற ஒரு பெரிய மரத்தில் முடிந்திருந்தது. லாரியை நிறுத்தியது அந்த மரம். ஆனால் மரம் மீசையை முறுக்கிக்கொண்டு கதை சொல்லவில்லை.

என்னைத் திட்டுவார்கள் என்றுதான் நினைத்தேன். அதற்குத் தயாராகவும் இருந்தேன். நடந்தது வேறு. அடுத்த சனிக்கிழமை முற்றத்தில் நாற்காலிகள் போட்டார்கள். இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து ஒரு வெள்ளைக்காரர் வந்திருந்தார். கேக்கும் வடையும் மேசையில் இருந்தன. உயிரைப் பணயம் வைத்துக் கம்பெனியின் லாரியைக் காப்பாற்றியதற்காக டிரைவருக்கு ரோஜா மாலையும் ஒரு சுவர்க் கடிகாரமும் கொடுத்தார்கள்.

அன்றாடம் “லா” போட்டுப் பேசுகிற மேனேஜர் அன்றைக்கு மேடைத் தமிழுக்கு மாறினார். “நமது நிறுவனத்தில் வாகனப் பராமரிப்பே முதற்கடமை. நாள்தோறும் ஒவ்வொரு வாகனமும் நமது முற்றத்திலேயே சோதிக்கப்படுகிறது. அதையும் மீறி விதி விளையாடியபோது, நமது ஓட்டுநரின் வீரம் நம்மைக் காத்தது” என்றார். போல்ட்டுக்கு விதி என்று பெயர் வைத்தவரை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன். டிரைவர் மாலையோடு தலைகுனிந்து நின்றார், கல்யாண மாப்பிள்ளை தோற்றுப்போவான். எல்லாரும் கைதட்டினார்கள். என் பக்கத்தில் நின்ற இன்னொரு டிரைவர், “தட்டுங்கண்ணே, உங்களுக்குத்தான் நல்லாத் தட்ட வருமே” என்றார். நான் தட்டவில்லை.

பேச்சு முடிந்ததும் வெள்ளைக்காரர் என்னிடம் வந்து கைகுலுக்கினார். தினமும் சோதிக்கிறீர்களாமே, நல்ல ஏற்பாடு என்றார். அந்த லாரியை அன்று காலை நான் நிறுத்தினேன், அதோ மாலை போட்டவருக்குப் பக்கத்தில் நிற்கிற மேனேஜர்தான் அதை அனுப்பினார் என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் தெளிவாகச் சொன்னேன். அவர் சிரித்தார். வேடிக்கை என்று நினைத்தாரா, புரிந்துகொண்டே சிரித்தாரா, தெரியாது. எப்படியிருந்தாலும் அவர் கண் கேக்கின் மேல்தான் இருந்தது.

சுமைக்காரரின் பெயரை அந்த விழாவில் ஒருவரும் எடுக்கவில்லை. அன்று சாயங்காலமே பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். தோளைச் சுற்றிக் கட்டு, கைக்கு மாவுக்கட்டு. இந்த ஒரு மனிதராவது நடந்ததைப் புரிந்துகொண்டிருப்பார் என்று நினைத்தேன். ஆரஞ்சுப் பழங்களை மேசையில் வைத்துவிட்டு, எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

“டிரைவர் அண்ணன் புண்ணியத்துல உசுரோட இருக்கேன். அவரு மட்டும் இல்லன்னா என் பொணம் கால்வாய்லதான் கெடந்திருக்கும்” என்றார். கண் கலங்கியிருந்தது.

“சக்கரம் ஏன் கழண்டுச்சுன்னு யாரையாவது கேட்டீங்களா?”

“சக்கரம்னா கழறத்தான் செய்யும் லா. நம்ம நேரம்.” பிறகு தயக்கத்தோடு, “கோவிச்சுக்காதீங்க அண்ணே. அன்னிக்குக் காலையில நீங்க அத கழட்டாம இருந்திருந்தா நல்லா இருந்திருக்குமோன்னு எல்லாரும் பேசிக்கிறாங்க” என்றார்.

நான் எழுந்துவிட்டேன். எலும்பு முறிந்து கிடக்கிறவரிடம் என்ன சண்டை போடுவது? ஆனால் அதுவரை மேனேஜர் மேலும் டிரைவர் மேலும் மட்டும் இருந்த என் இளக்காரம், அந்த வார்டை விட்டு வெளியே வரும்போது மொத்த ஊருக்கும் பரவியிருந்தது. தன்னைத் தள்ளிவிட்டவனுக்கே கும்பிடு போடுகிற ஊர்.

அந்த மாதத்தோடு வேலையை விட்டேன். ஒரு பழைய வேன் வாங்கி, கருவிகளை அதில் போட்டுக்கொண்டு, லாரி வைத்திருப்பவர்களின் முற்றங்களுக்கே போய்ப் பார்த்துக் கொடுக்க ஆரம்பித்தேன். அவர்கள் வண்டியை எங்கும் அனுப்ப வேண்டாம், நான் வருவேன். கொஞ்ச நாளில் சோடா கம்பெனி மேனேஜரே, நான் வழக்கமாகச் சாப்பிடும் கடைக்குப் போன் போட்டார். மாதம் ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போக முடியுமா என்று கேட்டார். நான் போகாது என்று சொன்ன வண்டியின் சாவி என் பையில் இருக்கும், நான் கொடுக்கும்போதுதான் திரும்பி வரும், சம்மதமா என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்றார். அறுபதுகள் முடிகிறவரை யோசித்துக்கொண்டுதான் இருந்தார்.

எனக்கு நிலையாகக் கிடைத்த முதல் வாடிக்கையாளர் அரிசி, பருப்பு மொத்த வியாபாரம் செய்த ஒரு ராவுத்தர். மகா முசுடு. முதல் வாரமே அவருடைய இரண்டு லாரிகளை நிறுத்தினேன்.

“ரெண்டையும் நிறுத்திப்புட்டீரா? என் பொழப்புல மண்ணள்ளிப் போடத்தான் வந்தீரா?” என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினார். டீ தரவில்லை, உட்காரச் சொல்லவில்லை. அவரையும் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் இரண்டு லாரிகளிலும் வேலை முடிகிறவரை மூட்டைகளைக் கைவண்டிகளில் அனுப்பினார். கத்திக்கொண்டேதான் அனுப்பினார். நான் அவரிடம் பல வருடங்கள் வேலை செய்தேன்.