குடிலில் தொங்கிய பாவற்காய்

இன்று கிங்ஸ்பரியில், எங்கள் பக்கத்துத் தெரு யூத ஆலயத்துக்கு நானும் மனைவி வசந்தியும் போயிருந்தோம். அறுவடைத் திருநாளுக்காக முற்றத்தில் இலைக் கூரை போட்ட குடில் ஒன்று கட்டி, அயலவர்களையும் அழைத்திருந்தார்கள்.

குடிலை அலங்கரிக்கக் காய்கனி வேண்டும் என்று அந்த ஆலயத்துக்குப் போகும் பக்கத்து வீட்டு ரூத் கேட்டிருந்தார். வசந்தி தன் கிறீன்ஹவுஸில் காய்த்த பாவற்காய் அத்தனையையும் கொடுத்துவிட்டாள். ஆப்பிள்களுக்கு நடுவே அவை வரிசையாகத் தொங்கின.

"இந்தக் குளிரில் இதை வளர்த்தது யார்?" என்று ஒரு பெரியவர் ஆங்கிலத்தில் கேட்டார்.

ஆங்கிலம் பேச வசந்திக்குக் கூச்சம். டொக்டரிடம்கூட நான்தான் கதைப்பேன். வழக்கம்போல அவளுக்காகப் பதில் சொல்ல முன்னால் போனேன்.

"நீங்கள் சும்மா இருங்கோ. எனக்குக் கதைக்க ஏலும்" என்றாள்.

விதை போட்டதிலிருந்து, கசப்புப் போக உப்பில் பிசைவது வரை, தன் ஆங்கிலத்திலேயே பத்து நிமிடம் சொன்னாள். ஒருவரும் நகரவில்லை. ரூத் குறிப்பெடுத்தார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

அடுத்த மாதம் அவர்களுடைய மண்டபத்தில் சமைத்துக் காட்டச் சொல்லி அவளை அழைத்திருக்கிறார்கள்.

"நானும் வரட்டோ?" என்று கேட்டேன்.

"ஓம், வெங்காயம் உரிக்க ஆள் வேணும்."

துணைக்கு வேறு கணவன்மார் யாராவது வருகிறீர்களா?