பாலத்துக்கு இந்தப் பக்கம்

என் மகள் அயர்லாந்தில் நர்ஸ் வேலை பார்க்கிறாள். போய் நாலு வருஷம் ஆகிறது. முதல் வருஷம் வீடியோ காலில் ஒரு மணி நேரம் பேசினோம். நாலாம் வருஷம் நாலு நிமிஷம். சாப்பிட்டியா, சாப்பிட்டேன், அங்கே மழையா, இங்கே வெயில். அதோடு முடிந்தது. அப்புறம் அவள் என் நெற்றியைப் பார்ப்பாள், நான் அவள் வீட்டுக் கூரையைப் பார்ப்பேன். போனை எப்படிப் பிடித்தாலும் எனக்கும் அவளுக்கும் அவ்வளவுதான் தெரியும்.

அந்த விளையாட்டைக் கொண்டுவந்தது அவள் பெண், என் பேத்தி. போனில் இரண்டு பேர் சேர்ந்து ஆடினால்தான் நகரும். ஒரு பாழடைந்த கோட்டை, அதற்குள் இரண்டு பொம்மைகள். சிவப்புக் குல்லாய் எனக்கு, நீலக் குல்லாய் எதிராளிக்கு. என் அறைச் சுவரில் படம் இருக்கும். எதிராளி அறையில் வரிசையாகக் கைப்பிடிகள் இருக்கும். என் சுவரில் என்ன படம் என்று நான் சொன்னால்தான் எந்தக் கைப்பிடியை இழுப்பதென்று அங்கே தெரியும். அவர்கள் பக்கம் நடப்பது நமக்குத் தெரியாது, நம் பக்கம் நடப்பது அவர்களுக்குத் தெரியாது. இதற்கு எதற்குத் தனியாக ஒரு விளையாட்டு, சம்பந்தி வீடு இருக்கிறதே என்றேன். பேத்திக்குப் புரியவில்லை.

இரண்டே நாளில் அவள் என்னைக் கைவிட்டாள். அம்மாயி ரொம்ப மெதுவு என்று சொல்லிவிட்டு, போனைத் தன் அம்மா கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். மகள் பாவம் பார்த்துத்தான் உட்கார்ந்தாள். அவளுக்கு லீவு விழும் நாட்களில், இங்கே சாயங்காலம் நாலு மணிக்கு, அங்கே காலை டீ நேரத்துக்கு ஆடினோம்.

முதல் நாள் சுவரில் என்னமோ ஒரு கோடும் வளைவும். கோழிப் பண்ணையில் தீவனத் தட்டைக் கவிழ்த்து வைத்தாற்போல் இருக்கிறது என்றேன். சொல்லி முடிப்பதற்குள் கதவு திறந்துகொண்டது. பேத்தியோடு ஆடினால் அரை மணி நேரம் ஆகும் வேலை அது. அடுத்த படம் லாரி தார்ப்பாயை இழுத்து மாட்டும் கொக்கி. அதற்கடுத்தது முட்டை அட்டையில் ஓரக் குழி பிய்ந்த மாதிரி. ஒன்றுக்கு மட்டும் கொஞ்சம் யோசித்து, "உங்கொப்பனப் பெத்தவ மூக்குத்தி. கல்லு உழுந்ததுக்கு அப்பறம்" என்றேன். அவள் சிரித்த சிரிப்பில் டீ கொட்டிவிட்டது. ஆனால் சரியான கைப்பிடியைத்தான் இழுத்திருந்தாள். சிரித்து ஓய்ந்து டீயைத் துடைத்தாள். அப்புறம், இந்தப் பேச்சைக் கேட்டு எத்தனை நாளாச்சு என்றாள்.

என் வீட்டுக்காரர் முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். கட்டிலில் படுத்தபடி எங்களைக் கவனித்துவிட்டு, தனக்கு ஒரு நாளாவது இந்த மாதிரி வழி சொல்லியிருப்பேனா என்று கேட்டார். நீங்கள் ஒரு நாளாவது கேட்டுக்கொள்கிற ஆளா என்றேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார்.

இருபது அறை தாண்டியிருப்போம். ஒரு பாலம் வந்தது. அங்கே மட்டும் இரண்டு பொம்மைகளும் இரண்டு பேருக்கும் தெரிந்தன. நான் ஒரு கல் மேல் நிற்க வேண்டும். நின்றால்தான் பாலம் நிற்கும். அவள் பாலத்தில் நடந்து அக்கரை போக வேண்டும். என் சுவரில், எனக்கு மட்டும் தெரிகிற மாதிரி, மூன்று விளக்குகள் இருந்தன. அவை அணையத் தொடங்கினால் நான் குரல் கொடுக்க வேண்டும். உடனே அவள் நடுத்தூணில் நின்றுகொள்வாள். இல்லாவிட்டால் பாலத்தோடு பள்ளத்தில் விழுவாள்.

விளக்கு அணைந்தது. நான் குரல் கொடுக்கவில்லை. அவள் விழுந்தாள். மறுபடி ஆடினோம், மறுபடி விழுந்தாள். மூன்றாம் தடவையும் அதே கதைதான்.

"வெளக்கு அணையறது உனக்குத் தெரியலையாம்மா?"

"தெரிஞ்சுது."

"அப்பறம் ஏன் கூப்புடல?"

"கெளம்பிப் போறவளப் பின்னாலருந்து எப்படிச் சாமி கூப்புடறது?" சின்னதிலிருந்தே அவளைச் சாமி என்றுதான் கூப்பிடுவேன்.

எங்கள் வீட்டில் படி இறங்கினவர்களைப் பின்னால் இருந்து கூப்பிட மாட்டோம். போகிற காரியம் கெட்டுவிடும் என்பார்கள். வீட்டுக்காரர் லைசென்ஸை மறந்து வைத்துவிட்டுக் கிளம்பினால்கூட, நான் மாட்டுக் கொட்டகை வழியாகச் சுற்றி ஓடி, அவருக்கு முன்னால் போய் நின்றுதான் கொடுத்திருக்கிறேன்.

இதைச் சொன்னால் சிரிப்பாள் என்று பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை.

"நான் ஊரவுட்டுப் போன அன்னிக்கும் அதுக்குத்தான் கூப்புடலையா?"

அன்றைக்குக் கார் ரோட்டு மேல் நின்றது. வாசலில் இருந்து இருபது எட்டுத் தூரம் இருக்கும். அவள் நடந்தாள்; நான் வாசலில் நின்றேன். போகாதே என்பது தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. வாயைத் திறந்தால் எங்கே வெளியே விழுந்துவிடுமோ என்று முந்தானையை வைத்து வாயை அடைத்துக்கொண்டேன். கார் பக்கத்தில் போய் அவள் ஒரு தரம் குனிந்தாள். செருப்பு வார் கழன்றுவிட்டது போல என்று நினைத்தேன். இப்போது அதைத்தான் அவளிடம் கேட்டேன்.

"வாரெல்லாம் நல்லாத்தாம்மா இருந்துச்சு. நீ கூப்புடுவேன்னு குனிஞ்சேன்" என்றாள். "நீ கூப்புடவே இல்ல. போய்த் தொலஞ்சாச் செரின்னு இருக்கறயாட்டம்னு நெனச்சிட்டு ஏறிட்டேன். நாலு வருசமா அப்படித்தான் நெனச்சிட்டு இருக்கறேன்."

எனக்கு எதற்கும் ஒரு கேலி வரும். என் மாமியார் செத்த வீட்டில்கூட வந்தது. இப்போது கேலி வரவில்லை. இல்லை என்று சொல்லத்தான் வந்தது. அதையே இரண்டு மூன்று தரம் சொன்னேன்.

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, இன்னொரு தடவை பார்க்கலாம் என்றாள். நீலக் குல்லாய் கிளம்பியது. பாலத்தில் பாதி தூரம் போய்விட்டது. மூன்று விளக்குகளும் நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தன.

"சாமி, வந்துரு" என்றேன்.

சத்தமாகவே கூப்பிட்டுவிட்டேன் போல. வீட்டுக்காரர் எழுந்து உட்கார்ந்தார்.

அவளுக்கு நிற்க வேண்டிய அவசியமே இல்லை. மீதிப் பாதியை நடந்தால் அக்கரை. நீலக் குல்லாய் நின்றது, திரும்பியது, வந்த வழியே முழுசாக நடந்து வந்து என் கல்லுக்குப் பக்கத்தில் நின்றது. அங்கே நிற்பதற்கு விளையாட்டில் ஒரு பலனும் கிடையாது. விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. பாலம் விழுந்தது. அதன் மேல் யாரும் இல்லை.

எப்போது வருகிறாய் என்று நாலு வருஷத்தில் முதல் தடவையாகக் கேட்டேன். லீவு, டிக்கெட், பேத்தி பள்ளிக்கூடம் என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

"தெரியலம்மா" என்றாள்.

இப்போதும் லீவு நாளில் நாலு மணிக்கு ஆடுகிறோம். அந்தப் பாலத்தை இன்னும் தாண்டவில்லை. தாண்டத் தெரியாமல் இல்லை. அவள் பாதி தூரம் போனதும் நான் கூப்பிட்டுவிடுகிறேன்.